எழுத்தறிவு பெற்றவர் என்று யாரைச் சொல்வது?

பிரிட்டனில் வயது வந்தோரின் எழுத்தறிவு குறித்து ஆராய அரசாங்கம் அமைத்த குழு ஒன்று 1999-ஆம் ஆண்டு தனது அறிக்கையை வெளியிட்டது. குழுவின் தலைவர் சர் கிளவுஸ் மோசர். நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பிச் சிறுவனாகப் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர் அவர். பின்னாளில் அந்நாட்டு அரசின் தலைமைப் புள்ளியியலாளராகப் பணியாற்றினார். எண்களை எடைபோடத் தெரிந்த ஒருவர் தயாரித்த அறிக்கை என்பதால் அதனை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

அந்த அறிக்கையில் இருந்த ஓர் எடுத்துக்காட்டு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 'யெல்லோ பேஜஸ்' எனப்படும் தொலைபேசி விவரக்கொத்தின் அகரவரிசைப் பட்டியலைக் கையில் கொடுத்து, பிளம்பர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால், வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவரால் அதனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கிலாந்தில் மட்டும் எழுபது லட்சம் பேர் வரை இந்நிலையில் இருக்கலாம் என்று குழு மதிப்பிட்டது. 1880-இலேயே கட்டாயக் கல்வி வந்துவிட்ட நாடு இது. பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்து, பெயர் எழுதவும் கடைப்பலகை வாசிக்கவும் தெரிந்த மனிதர்கள்தான் இந்த எழுபது லட்சம் பேரில் பெரும்பாலானோர்.

யெல்லோ பேஜஸின் கடைசி அச்சுப் பதிப்பு 2019 ஜனவரியில் வெளியானது. இன்று பிளம்பரைத் தேடுபவர் கைத்தொலைபேசியில் தேடுகிறார். அகரவரிசை தெரியாதது இன்று ஒரு குறையே அல்ல. அதற்குப் பதிலாக, திரையில் முதலில் வந்து நிற்கும் மூன்று பெயர்களும் பணம் கொடுத்துப் போடப்பட்ட விளம்பரங்கள் என்பதைக் கண்டுகொள்ளும் திறன் தேவைப்படுகிறது. இருபது ஆண்டுகளில் மனிதர் மாறவில்லை, குழாயும் மாறவில்லை. தேர்வுத்தாள் மாறிவிட்டது.

எழுத்தறிவு பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது இந்தத் தேர்வுத்தாள்தான்.

ஆம் அல்லது இல்லை

எழுத்தறிவை அளப்பது பார்வைக்கு எளிய காரியம். ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 1958-இல் ஒரு வரையறையைத் தந்தது. அன்றாட வாழ்க்கை தொடர்பான ஒரு சிறிய, எளிய கூற்றைப் பொருள் விளங்கி வாசிக்கவும் எழுதவும் முடிந்தவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது அதன் சாரம். இருபது ஆண்டுகள் கழித்து 1978-இல் அதே அமைப்பு 'செயல்பாட்டு எழுத்தறிவு' என்ற இன்னொரு வரையறையை முன்வைத்தது. தாம் வாழும் சமூகத்தில் ஒருவர் முறையாக இயங்குவதற்கு எவ்வளவு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் தேவையோ, அவ்வளவும் அவரிடம் இருக்க வேண்டும் என்றது அது. முதல் வரையறை ஒரு கோட்டைத் தரையில் வரைகிறது. இரண்டாவது வரையறையின்படி அந்தக் கோடு சமூகத்தோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும்.

அரசாங்கங்களுக்கு நகராத கோடுதான் வசதி. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவராக இருந்தால் எழுத்தறிவு பெற்றவராகக் கொள்ளப்படுகிறார். இதற்குத் தேர்வு எதுவும் கிடையாது. வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளர் கேட்பார். வீட்டில் இருப்பவர் குடும்பத்திலுள்ள எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்வார். இப்படித் திரட்டிய கணக்கின்படி 1951-இல் இந்தியாவின் எழுத்தறிவு வீதம் ஏறத்தாழ 18. இதுவே 2011-இல் 73 ஆகவும், தமிழ்நாட்டில் 80 ஆகவும் இருந்தது.

இந்த வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. உலகில் இன்றும் எழுத்தே அறியாத வயது வந்தோரும் இளையோரும் 70 கோடிக்கும் மேல் இருக்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இரண்டு தலைமுறைகளுக்குள் நடந்திருப்பது சிறிய காரியமல்ல என்பது விளங்கும். ஆனால், கேட்டுப் பெறும் பதிலும் நேரில் சோதித்துப் பெறும் பதிலும் ஒன்றல்ல. இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் 'அசர்' ஆய்வு 2005 முதல் நடந்து வருகிறது. அதன் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரால் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. மற்றப் பாதிப் பேரும் ஏழு வயதைக் கடந்தவர்கள். கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்தால், அவர்கள் அனைவருக்கும் 'ஆம்' என்றுதான் வீட்டார் பதில் சொல்வார்கள்.

இலங்கையின் எழுத்தறிவு வீதம் 90-க்கும் மேல். இலவசக் கல்வியின் பயன் அது, மலையகத் தோட்டங்கள் அதில் நெடுங்காலம் பின்தங்கி நின்ற போதிலும். அந்நாட்டுப் புள்ளிவிவரத் திணைக்களம் கணினி அறிவையும் அளக்கிறது. ஒருவர் கணினியைத் தாமாகவே இயக்க முடிந்தால் அவர் கணினி அறிவு பெற்றவர் என்பது அதன் வரையறை. அதற்கு விளக்கமாகத் திணைக்களமே தரும் எடுத்துக்காட்டு சுவையானது: ஐந்து வயதுக் குழந்தைக்குக் கணினியில் விளையாடத் தெரிந்தால் அக்குழந்தையும் கணினி அறிவு பெற்றதாகக் கணக்கில் சேரும். சிரிக்கத் தோன்றினாலும் திணைக்களத்தைக் குறை சொல்ல முடியாது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரவேண்டுமானால் எங்கோ ஓரிடத்தில் கோட்டைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

செல்வந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி இந்தக் கோட்டைக் கைவிட்டுப் படிக்கட்டு ஒன்றைக் கட்டியிருக்கிறது. 31 நாடுகளிலும் பொருளாதாரங்களிலும் 16 முதல் 65 வயது வரையுள்ள ஏறத்தாழ ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரை நேரில் சோதித்து அது நடத்திய ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. சராசரியாக 26 சதவீதத்தினர் முதல் படியிலோ அதற்குக் கீழோ நின்றனர். இங்கிலாந்தில் அது 18 சதவீதம். சிறிய, எளிய பத்தியை இவர்களில் பலர் வாசித்துவிடுவார்கள். பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களைச் சேர்த்து, வேண்டாததைத் தள்ளி, ஒரு முடிவுக்கு வரும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மோசர் அறிக்கையின் அளவுகோல் வேறு, இந்த ஆய்வின் அளவுகோல் வேறு. எனவே இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இத்தகையவர்கள் சிறு கூட்டமாகச் சுருங்கிவிடவில்லை என்பது தெரிகிறது.

இந்த அளவுகோல்கள் எல்லாம், கரடுமுரடானவையும் சரி நுட்பமானவையும் சரி, மனிதரை மட்டுமே அளக்கின்றன. அவர் முன் நீட்டப்படும் தாள் எத்தகையது, அதனை எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதினார், வாசிப்பவர் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததா என்பன கணக்கில் வருவதில்லை.

புரியாத தாள்

தமிழ்நாட்டில் நிலம் வாங்கிய எவரும் இதனை அறிவார். பட்டா, சிட்டா, அடங்கல், கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய ஒவ்வொன்றும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் எவரும் அவற்றை உரக்க வாசித்துவிடலாம். ஷரத்து, பாத்தியதை, சுவாதீனம், மேற்படியார் என்று முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கக்கணக்கில் ஓடும் அந்த வாசகத்தின் பொருளைப் பத்திர எழுத்தர் விளக்கினால்தான் பட்டதாரிக்கும் புரியும். யாழ்ப்பாணத்து உறுதிகளின் நிலையும் இதுதான். ஆதனம் எது, ஈடு எது என்பதை நொத்தாரிசு சொல்லித்தான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு தாளைப் புரியாமல் எழுதுவதால் பிழைப்பு நடத்தும் தொழில்கள் உலகில் எல்லா மொழிகளிலும் உண்டு.

மொழியே மாறிப்போகும்போது என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையை விடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரச கரும மொழியாக்கியது. அதற்கு முந்தைய நாள் வரை, தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளை எழுதித் தள்ளிய எழுதுவினைஞர்கள், கற்றவர்களுக்குள் கற்றவர்கள் என்று ஊர் மதித்தவர்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் அவர்கள் சிங்களத் தேர்ச்சியை நிரூபிக்க வேண்டியிருந்தது. தேர்ச்சி பெறாதவர்களின் சம்பள உயர்வும் பதவி உயர்வும் தடைப்பட்டன. அவர்களுடைய கண்ணிலோ கல்வியிலோ ஒரு குறையும் ஏற்படவில்லை. மேசை மீதிருந்த தாள் மாற்றப்பட்டது, அவ்வளவுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் தொடர்ந்து எழுத்தறிவு பெற்றவர்களாகவே இருந்தார்கள். தமது அலுவலகத்தில் மட்டும் எழுத்தறிவற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987-இல் 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அறிவித்தது. சட்டப் புத்தகத்திலிருந்து காவல் நிலையத்தின் மேசைக்கு அந்த அறிவிப்பு வந்து சேர்வதுதான் நெடுந்தொலைவாக இருந்தது. 1993-இல் கிழக்கிலங்கையில் கைது செய்யப்பட்ட ஒரு தமிழரின் வழக்கு ஐ.நா.வின் மனித உரிமைக் குழு வரை சென்றது. அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் அவருடையது என்று சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவருக்கோ சிங்களம் போதிய அளவு தெரியாது. அதன் கீழ்த் தம்மைப் பலவந்தப்படுத்திப் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்ததாக அவர் கூறினார். உயர் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைக்கப்பட்டது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டுள்ளதாக மனித உரிமைக் குழு 2004-இல் முடிவு செய்தது. அந்த முடிவை உள்நாட்டில் செயற்படுத்துமாறு கோரிய மனுவை இலங்கையின் உச்ச நீதிமன்றம் 2006-இல் நிராகரித்தது.

போர் முடிந்த பின் அமைக்கப்பட்ட 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' 2011-ஆம் ஆண்டு அறிக்கையில், காவல் நிலையங்களில் தமிழ் பேசும் அலுவலர்கள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்தறிவு வீதம் 90-ஐத் தாண்டிய ஒரு நாட்டில் இப்படியொரு பரிந்துரை தேவைப்பட்டது. பெரும்பாலானோர் எழுத்தறிவு பெற்றுவிட்டார்கள் என்று சொல்லும்போது, யாருடைய தாளை வாசிக்க என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

தாளை மாற்றிய தேர்தல்

தாளை மாற்றுவது எப்போதும் தீமைக்குத்தான் என்பதில்லை. 1951-52-இல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. வாக்காளர்கள் ஏறத்தாழ 17 கோடிப் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு எழுத்து வாசனையே இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வாக்குரிமை என்ற வாதம் அக்காலத்தில் உலகெங்கும் மதிப்போடு உலவியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது சட்டமாகவே இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் அம்மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் ஒன்றை விளக்க வேண்டும். எந்தப் பிரிவு என்பதைப் பதிவு அலுவலர் தேர்ந்தெடுப்பார். வெள்ளையருக்கு எளிய பிரிவும் கறுப்பினத்தவருக்குக் கடினமான பிரிவும் கிடைப்பது வழக்கம். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் இத்தகைய தேர்வுகளை முடக்கியது.

இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. மக்கள் எழுத்துக் கற்கும் வரை ஜனநாயகம் காத்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து, வாக்குச்சாவடியைத் திருத்தி அமைத்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம், ஒவ்வொரு சின்னத்திற்கும் தனித்தனிப் பெட்டி. வாக்காளர் எழுத வேண்டியதும் இல்லை, வாசிக்க வேண்டியதும் இல்லை. தாம் விரும்பும் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். அந்தத் தேர்தலில் வாக்களித்த கிழவி எழுத்தறிவற்றவர் என்று கணக்கெடுப்பு சொல்லும். அன்றைய தினம் அந்தக் குறையால் அவர் எதையும் இழக்கவில்லை.

பிரிட்டனிலும் இப்படியொரு முயற்சி நடந்ததுண்டு. 1979-இல் கிறிஸி மாஹர் என்ற பெண்மணி லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்று அரசாங்கப் படிவங்களைக் கிழித்துக் குவித்தார். அவர் தமது பதின்ம வயதின் நடுப்பகுதி வரை வாசிக்கத் தெரியாதவராக இருந்தவர். அவர் தொடங்கிய எளிய ஆங்கில இயக்கத்தின் நெருக்குதலால் பின்னர் ஆயிரக்கணக்கான படிவங்கள் திருத்தப்பட்டன. ஒன்பது வயதுச் சிறுவரின் வாசிப்புத் திறனுக்கு எட்டும்படி எழுதுங்கள் என்று பிரிட்டிஷ் அரசாங்க இணையத்தளம் தன் எழுத்தாளர்களுக்கு அறிவுரை கூறியது இந்த மரபின் தொடர்ச்சிதான்.

தமிழில் இதற்கு நிகரான இயக்கம் ஒன்று ஏன் தோன்றவில்லை என்பது ஆராயத்தக்கது. தூய தமிழுக்காக நூறாண்டுகளாகப் போராடியிருக்கிறோம். 'அப்ளிகேஷனை' 'விண்ணப்பம்' ஆக்கினோம். அந்த விண்ணப்பம் விண்ணப்பிப்பவருக்குப் புரிகிறதா என்று கேட்கும் பழக்கம் அந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

திரைக்குப் போன கடிதம்

வாசகம் எளிதாகிக்கொண்டிருக்கும் அதே வேளையில் வாசகம் இருக்கும் இடம் மாறிவிட்டது. பிரிட்டனில் வசிக்கும் வெளிநாட்டவர்களிடம் இருந்த வதிவிட அனுமதி அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில் வந்திருப்பது மின்னணு விசா. கையில் வைத்துக் காட்ட அட்டை கிடையாது. இணையத்தில் கணக்குத் தொடங்கி, கைத்தொலைபேசியில் முகத்தைப் படம்பிடித்து அனுப்பி, வேலைக்கோ வாடகை வீட்டிற்கோ போகும்போது 90 நாட்களுக்குச் செல்லும் ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழக மாணவருக்கு இது பத்து நிமிட வேலை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அகதியாக வந்து, உணவகத்தின் சமையலறையில் இரவு பகலாக உழைத்து, இன்றும் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் ஒருவருக்கோ இது கடக்க முடியாத மதில். அட்டையை உறையில் போட்டு மார்புப் பையில் வைத்திருந்தவரை, இந்த நாட்டில் தமக்கு இருக்கும் உரிமையை அவரே கையில் வைத்திருந்தார். இப்போது அந்த உரிமை அவரால் திறக்க முடியாத ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. சாவி அநேகமாக மகனிடமோ மகளிடமோ இருக்கும்.

பிள்ளைகள் மீது விழும் இந்தச் சுமை புலம்பெயர்ந்த குடும்பங்கள் அனைத்தும் அறிந்தது. டொரொண்டோவானாலும் ஒஸ்லோவானாலும் லண்டனானாலும், வங்கிக் கடிதம், பாடசாலைக் கடிதம், சமூக உதவிக் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துப் பொருள் சொல்பவர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தாயின் மருத்துவ அறிக்கையையும் அதே பிள்ளைதான் வாசிக்கிறது. நோயாளியின் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்பது மருத்துவத் துறையினர் நன்கறிந்த நெறி. கடிதம் வீட்டுக்கு வரும்போது அந்த நெறி வாசலிலேயே நின்றுவிடுகிறது. தாய்க்கு வந்திருக்கும் நோயின் பெயரைத் தாய்க்கு முன்பே தெரிந்துகொள்ளும் பிள்ளை, அதனை எப்படிச் சொல்வது, சொல்லாமல் விடுவதா என்று தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. அதே பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது. பாட்டி எழுதிய கடிதங்கள் அலமாரியில் இருந்தாலும் அவர்களால் வாசிக்க முடியாது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், எழுத்தறிவு பெற்ற இரண்டு தலைமுறையினர் ஒருவர் தாளை ஒருவர் வாசிக்க முடியாமல் அமர்ந்திருக்கிறார்கள். இவர்கள் இருவரையும் எந்த நாட்டுப் புள்ளிவிவரமும் குறையாகக் காட்டாது.

எளிதில் புரிந்த பொய்

குறை முழுவதும் தாளில்தான் என்று வாதிட்டால் அதுவும் பாதி உண்மைதான். 2018-ஆம் ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில், குழந்தை கடத்துபவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைக் கண்டு சந்தேகித்த கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் செய்திகளில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஒன்பது வயதுச் சிறுவருக்கும் புரியும் தமிழ் அது. சில செய்திகள் ஒலிப்பதிவாகவே வந்தன. எளிமை என்ற அளவுகோலின்படி பார்த்தால் அவை குறையற்றவை.

வாசித்தவர்களிடம் இல்லாமல் போனது எழுத்துக் கூட்டும் திறன் அல்ல. இதை யார் எழுதினார், எந்த ஊரில் நடந்தது, எப்போது நடந்தது, என்னிடம் இதை ஏன் அனுப்புகிறார் என்று கேட்கும் வழக்கம்தான் அவர்களிடம் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. தாளின் பக்கத்தில் செய்யக்கூடிய திருத்தம் அது. வாசிப்பவர் பக்கத்தில் செய்ய வேண்டியது அப்படியே இருக்கிறது.

அண்மைக் காலத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடக்கும் மோசடிகள் இன்னும் கவலை தருபவை. காவல்துறை அதிகாரி என்றும் நீதிபதி என்றும் காணொளியில் தோன்றுபவர்கள், முத்திரையும் கையொப்பமும் உள்ள போலி ஆணைகளை அனுப்பி மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். இந்தியப் பிரதமர் 2024 அக்டோபரில் தமது வானொலி உரையிலேயே இது பற்றி எச்சரிக்க வேண்டி வந்தது. பணத்தை இழந்தவர்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் தாளை மதித்துப் பழகியவர்கள் இவர்கள். எழுத்தே தெரியாத ஒருவர் அந்த ஆணையைப் பார்த்து அஞ்சியிருப்பாரா என்பதே ஐயம்தான். முத்திரையைக் கண்டதும் பணிந்துவிடும் கல்வியை நம் பள்ளிக்கூடங்கள் கற்றுத் தந்திருக்கின்றன என்பது என் கருத்து.

இதற்கு மாறான ஒன்று தமிழகத்தில் நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியில், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு விண்ணப்பத்தை வாசிக்கத் தெரிந்து என்ன பயன், அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்குப் போய், இது ஏன் இத்தனை நாள் கிடப்பில் கிடக்கிறது என்று கேட்க முடியாவிட்டால்? அதே மாவட்டத்தில் கல்குவாரிகளில் கூலிகளாக இருந்த பெண்கள், குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்ததும் அக்காலத்தில்தான். குத்தகைப் பத்திரம் எளிய தமிழில் இருந்திருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவு அவர்களுக்கு வந்திருந்தது. வயது வந்தோர் கல்வி பற்றிய அரசாங்க அறிக்கைகளில் அந்தத் துணிவை அளக்கும் அட்டவணை எதையும் நான் கண்டதில்லை.

மீண்டும் கைநாட்டு

தமிழில் எழுத்தறியாதவரைக் குறிக்க 'கைநாட்டு' என்ற சொல் இருக்கிறது. இகழ்ச்சி தோய்ந்த சொல். கையொப்பம் இடத் தெரிந்ததுதான் கௌரவத்தின் தொடக்கம் என்று ஒரு தலைமுறை முழுவதும் நம்பியது. அறிவொளி வகுப்புகளுக்கு வந்த பெண்களில் பலர் முதலில் கேட்டதே தங்கள் பெயரை எழுதக் கற்றுத் தரும்படிதான்.

இன்று நியாய விலைக் கடையில் ஆதார் சரிபார்ப்புக்காகக் கருவியின் மீது பெருவிரலை வைக்கும் வரிசையில் கூலித் தொழிலாளியும் நிற்கிறார், முனைவர் பட்டம் பெற்றவரும் நிற்கிறார். அது அடையாளத்திற்காக வைக்கும் ரேகை என்று ஆறுதல் கொள்ளலாம். கைத்தொலைபேசித் திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானின் மீது நாம் நாள்தோறும் பெருவிரலை வைக்கிறோமே, அதற்கு அந்த ஆறுதலும் கிடையாது. ஒருவர் ஓராண்டில் பார்வையிடும் இணையத்தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் முழுமையாக வாசிப்பதானால் 200 மணி நேரத்திற்கும் மேல் ஆகும் என்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இலேயே கணக்கிட்டார்கள். வட்டிக்காரரின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விரலை வைத்த விவசாயிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, அவர் அதற்காக வெட்கப்பட்டார், நாம் வெட்கப்படுவதில்லை என்பதுதான்.

வாசிக்க முடியாத ஒப்பந்தத்திற்குப் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா என்ற கேள்வியை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுப்பியது. சம்மதம் கேட்கும் வாசகம் தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. புரியவில்லை என்றால் குற்றம் வாசித்தவருடையது அல்ல, எழுதியவருடையது என்ற கருத்து அங்கே சட்ட வடிவம் பெற்றிருக்கிறது. நடைமுறையில் இதனால் நமக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, இணையத்தளத்திற்கு ஒரு சம்மதப் பெட்டி, அழுத்துவதற்கு இன்னொரு பொத்தான்.

இந்தியாவில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. விவரங்களைக் கைத்தொலைபேசிச் செயலி வழியே திரட்டுவது என்றும், விரும்புகிற குடும்பங்கள் இணையத்தளத்தில் தங்கள் விவரங்களைத் தாங்களே பதிவு செய்யலாம் என்றும் முடிவு செய்யப்பட்டுள்ளது. எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கேள்வி வழக்கம்போல் இடம்பெறுமானால், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கான பதிலை, இணையப் படிவத்தை நிரப்பத் தெரிந்த பேரப்பிள்ளைகள் பதிவு செய்வார்கள்.